எக்கரும் செம்மண்ணும்: ஜொகூரின் கோல்ஃப் திடல்கள்

கால்பந்துக்கோ கிரிக்கெட்டுக்கோ வேண்டிய மைதானத்தை எந்த ஊரிலும் சில நாள் உழைப்பில் சமன்செய்துகொள்ளலாம். ஆனால் நூறு, நூற்றைம்பது ஏக்கர் நிலத்தை வளைத்துக்கொண்டு, மேடு பள்ளங்களையே ஆட்டத்தின் அங்கமாக ஏற்று, மழை ஓய்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் கால் புதையாமல் நடக்கவும் பந்து தடையின்றி உருளவும் இடம் தரவேண்டும் என்று கேட்கின்ற கோல்ஃப் ஆட்டத்திற்கு, நிலம் என்பது ஆட்டத்தில் பங்குகொள்ளும் ஒரு பாத்திரமே ஆகும். ஆகவே ஒரு பிரதேசத்தில் கோல்ஃப் திடல்கள் எங்கெங்கே அமைந்தன, எங்கெங்கே அமையவில்லை என்று ஆராயப் புகுவோன், அப்பிரதேசத்து மண்ணின் சரித்திரத்தையும், அம்மண்ணுக்கு உடைமை கொண்டாடியவர்களின் சரித்திரத்தையும், அதைக் கொத்திப் பண்படுத்தியவர்களின் சரித்திரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டியவனாகிறான். மலாயாத் தீபகற்பத்தின் தென்கோடியில், பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒன்றரை பாகை வடக்கே கிடக்கும் ஜொகூர் மாநிலம் இத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற களமாகும். ஏனெனில் இந்த ஆட்டத்தின் தாய்மண்ணைச் சிருஷ்டித்தது பனி. ஜொகூரையோ பனி ஒருகாலும் தீண்டியதில்லை.

முதலில் அந்தத் தாய்மண்ணைப் பார்ப்போம். சுமார் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலத்தில், ஸ்காத்லாந்தின் பெரும்பகுதியை ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனமுடைய பனிக்கவசம் மூடியிருந்தது. அப்பாரத்தைத் தாங்காமல் நிலம் கீழே அமிழ்ந்தது. பனி உருகி வடிந்தபின், இலவம்பஞ்சு மெத்தையில் அமர்ந்தவன் எழுந்த பிறகு மெத்தை மெல்ல மெல்ல மேலெழும்புவதைப் போல, அந்நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உயர்ந்துகொண்டே வந்தது. பனியாறுகள் மலைகளை அரைத்துக் கொணர்ந்த மணலையும் கூழாங்கற்களையும் ஆறுகள் கடலில் சேர்த்தன. கடல் அவற்றைக் கரையில் ஒதுக்கிற்று. நிலம் உயர உயரப் பழைய கரைகள் அலை எட்டாத மேடுகளாக நின்றுவிட்டன. காற்று அவற்றின்மேல் மணலை வாரி இறைத்துக் குன்றுகளாக்கிற்று. உழவுக்கு உதவாத அந்த மணல்வெளியில் மெல்லிய இலையுடைய ஒருவகைப் புல் தானே முளைத்தது. ஆடுகளும் முயல்களும் அதைக் கறித்துக் கறித்துக் கட்டையாக்கின. ஊருக்கும் கடலுக்கும் இடையே யாருக்கும் பயன்படாமல் கிடந்த இந்தப் பொதுநிலத்தில்தான் கோல்ஃப் வளர்ந்தது. வில்வித்தைப் பயிற்சியை மக்கள் மறந்து இவ்வாட்டத்தில் திளைக்கிறார்கள் என்று கண்டு, 1457-ஆம் ஆண்டிலேயே ஸ்காத்லாந்துப் பாராளுமன்றம் இதனைத் தடைசெய்து சட்டம் இயற்றியது என்றால், அதற்குள் இவ்வாட்டம் எவ்வளவு வேரூன்றிவிட்டது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பதினெட்டுக் குழிகள் என்று இன்று உலகம் முழுதும் வழங்கும் கணக்கும், 1764-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் ஆட்டக்காரர்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான். கடற்கரை மணல்மேடு அன்று எந்தப் பொறியாளனும் வகுத்துத் தந்ததன்று. வடிகால் வெட்டாமலே நீரை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு இயற்கையாகவே இருந்தது.

ஆட்டம் கடற்கரையை விட்டு உள்நாட்டிற்கு நகர்ந்தபோதுதான் மண்ணின் அருமை தெரிந்தது. இங்கிலாந்தின் களிமண் பூமியில் அமைத்த திடல்கள் மாரிக்காலத்தில் சேற்று வயல்களாயின. கோடையில் வெடித்துப் பாளம் பாளமாயின. லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே, பெர்க்ஷயர் பகுதிகளில், விவசாயிகள் விளைச்சலுக்கு ஆகாதென்று ஒதுக்கிய மணற்பாங்கான புதர்க்காடுகளைத் திருத்தி, 1901-இல் திறக்கப்பட்ட சன்னிங்டேல் போன்ற திடல்களை அமைத்த பிறகே உள்நாட்டுக் கோல்ஃபுக்கு விமோசனம் கிடைத்தது. அமெரிக்காவிலோ பனியே நேரடியாக நிலத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தது: நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் தீவு, முன்னேறி வந்த பனிக்கவசம் தன் எல்லையில் கொட்டிவிட்டுப் போன கல்லும் மணலுமான மேட்டுத்தொடரும், அதன் முன்னே உருகுநீர் சலித்துப் பரப்பிய மணற்சமவெளியுமே அன்றி வேறில்லை, 1891-இல் தோன்றிய ஷின்னகாக் ஹில்ஸ் முதலிய கீர்த்திபெற்ற திடல்கள் அங்கே நெருங்கி நிற்பது தற்செயலான காரியமன்று. பனியாறு தானாக அரைத்த மாவில் களியும் கல்லும் கலந்தே கிடக்கும். அதை நீர் ஓடிச் சலித்த இடத்தில்தான் சுத்த மணல் தங்கும். உருகுநீர் ஓடிய வழியில் திடல் அமைத்தவன் பாக்கியசாலி. பனியின் நேரடிக் குப்பையின்மேல் அமைத்தவன் காலமெல்லாம் வடிகாலோடு போராட வேண்டியவன்.

ஆங்கிலேயர் கிழக்கே வந்தபோது இந்த அநுபவங்களில் எதுவும் இங்கே அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. 1829-இல் கல்கத்தாவில், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே முதன்முதலாக ஒரு கோல்ஃப் சங்கம் ஸ்தாபிதமானபோது கிடைத்தது கங்கையின் வண்டல். 1889-இல் இலங்கையின் நுவரெலியாவில் கிடைத்தது மலைச்சரிவும் குளிர்ச்சியும். 1891-இல் நீதிபதி கோல்ட்னியின் முயற்சியால் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் சங்கம் குதிரைப் பந்தயத் திடலுக்குள் ஒன்பது குழிகளை இட்டுத் திருப்தியடைந்தது. 1893-இல் சிலாங்கூர்ச் சங்கம் கோலாலம்பூரின் பெட்டாலிங் குன்றில் தொடங்கிற்று. குதிரை ஓடுவதற்காகவோ வேறெதற்காகவோ காடு முன்பே வெட்டப்பட்டிருக்கும் இடம், நகரத்திலிருந்து வண்டியில் விரைவில் போகக்கூடிய இடம், அரசாங்கம் குத்தகைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் இடம் என்பவையே அன்று தகுதிகள். மலாயாவில் கோல்ஃப் மண்ணைத் தேடிப் போகவில்லை. மனிதன் ஏற்கெனவே வேறு காரியத்திற்காகத் திறந்துவைத்த வெளிகளில் குடியேறிற்று. ஜொகூரில் அவ்வெளிகளைத் திறந்துவைத்த கைகள் யாருடையவை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஜொகூர் ஏறக்குறைய முழுவதும் காடு. 1840-களில் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்கு உரிமைப் பத்திரம் கொடுத்துத் திறந்துவிட்டார். தெப்ராவ் ஆறு முதலியவற்றின் வழியே கங்சூ எனப்பட்ட அத்தலைவர்களின் குடியேற்றங்கள் உள்ளே புகுந்தன. மிளகும், கம்பிர் என்ற செடியும் அவர்கள் பயிர்கள். கம்பிர் இலையை ஓயாது காய்ச்சிச் சாறு இறுக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும். ஆகவே பயிரிட்ட நிலம் போதாதென்று அதைச் சுற்றியிருந்த காடும் அடுப்புக்கு இரையாயிற்று. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சாரமிழந்துவிடும்; குடியேறியவர்கள் அடுத்த காட்டுக்குப் பெயர்ந்துவிடுவார்கள்; அவர்கள் விட்டுப்போன மேடுகளில் லாலாங் புல் ஆளுயரத்திற்கு மண்டும். 1866-இல் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்ற தலைநகரின் செல்வமும், 1885-இல் சுல்தான் பட்டம் ஏற்ற அபு பக்காரின் ஐரோப்பிய யாத்திரைகளும், பெரும்பாலும் இந்தச் சாற்றிலிருந்தும் மிளகிலிருந்தும் வந்த வருவாயால் நடந்தவை. 1917-இல் கங்சூ முறை சட்டப்படி ஒழிந்தபோது, மண் ஏற்கெனவே வேறொரு மரத்தின் வசமாகிக்கொண்டிருந்தது.

அந்த மரம் ரப்பர். எங்கள் மக்கள் வாயில் அது கித்தா. 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்ததும், அதன் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று தோட்டங்கள் தொடர்ந்து எழுந்தன. 1907-இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்தபின் கங்காணிமார் மூலம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்திறங்கியவர்களே அத்தோட்டங்களின் கைகளும் கால்களும். காடு வெட்டி எரித்த பிறகு, மரக்கன்றுகளின் இடையே ஒரு புல்லும் கண்ணில் படலாகாது என்பது அக்காலத்துத் துரைமார்களின் கட்டளை. லாலாங் புல்லுக்கு அஞ்சியே அவ்வாறு செய்தார்கள் எனினும், விளைவு விபரீதமாயிற்று: ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் மழை, மறைப்பே இல்லாத சரிவுகளின் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய் ஆறுகளில் கரைத்தது. ஆணும் பெண்ணும் முதுகொடிய மண்வெட்டியால் கொத்திக் கொத்திச் சுத்தமாக்கிய நிலம், அவர்கள் சுத்தமாக்கிய காரணத்தாலேயே ஏழையாயிற்று. இதை உணர்ந்து பின்னர்ச் சரிவுகளைச் சுற்றிப் படிவரப்புகள் வெட்டவும், வண்டல்குழிகள் தோண்டவும், அவரை இனத்துக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கவும் தலைப்பட்டார்கள். அவ்வரப்புகளை வெட்டியவர்களும் அதே மக்கள்தாம். இன்று ஜொகூரில் ஒரு கோல்ஃப் திடலின் சரிவில் படிப்படியாக இறங்கும் பழைய வரப்பின் தடத்தைக் காண நேர்ந்தால், அது திடலை வரைந்தவரின் கற்பனை என்று எண்ணிவிடக் கூடாது.

மண்ணியலார் மலாயா மண்களை வகைப்படுத்தியபோது, கருங்கல் சிதைந்து உண்டான ஆழமான, மஞ்சளும் சிவப்பும் கலந்த, பருமணல் விரவிய களிமண்ணுக்கு ரெங்கம் மண் என்றே பெயரிட்டார்கள். எரிமலைப் பாறை சிதைந்த கருஞ்சிவப்பு மண்ணுக்குச் சிகாமட் என்று பெயர். தென்கிழக்கே, கோத்தா திங்கியிலிருந்து பாசிர் கூடாங் வரைக்கும், நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூரின் கீழ்க்கரையிலும் பரந்திருக்கும் பழைய வண்டல் மேடுகளில் ஹரிமாவ் என்ற வகை. இவை மூன்றும் பொதுவாக நீர் தேங்காத மேட்டு மண்கள், ரப்பருக்கு உகந்தவை, ஆகவே தோட்டங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டன.

மேற்குக் கரையின் கதை முற்றிலும் வேறு. மூவார், பத்து பகாட், பொந்தியான் வட்டாரங்களில் கடல் விட்டுச் சென்ற களிமண்ணும், அதற்குப் பின்னே மக்கிய மரங்களாலான ஆழமான கரிச்சேற்று நிலமும் கிடக்கின்றன. அக்களிமண்ணில் உறைந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள், வடிகால் வெட்டிக் காற்றுப் பட்ட மாத்திரத்தில் அமிலமாகிப் பயிரைக் கருக்கிவிடும். கரிச்சேற்று நிலமோ நீரை வடித்தால் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்துகொண்டே போகும். தென்னையும் பாக்கும் அன்னாசியும் செம்பனையும் அங்கே பிழைத்தன; கோல்ஃப் அரிதாகவே கால் வைத்தது. மூவார் ஆற்றின் முகத்துவாரத்தில் தஞ்சோங் எமாஸ் திடல் இருப்பது உண்மையே. அது ஊருக்கு வாய்த்த கடற்காற்று மூலையின் சிறப்பால் அமைந்ததே ஒழிய மண்ணின் சிறப்பால் அமைந்ததன்று.

ஆக, ஜொகூரில் கோல்ஃப் தோட்டங்களின் வாரிசாக வந்தது. தலைநகரின் லார்க்கின் பகுதியிலுள்ள ராயல் ஜொகூர் கன்ட்ரி கிளப் போன்ற பழைய சங்கங்கள் அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் உரியவையாய்ச் சிறு அளவில் இருந்தவை. பெரிய மாறுதல் 1980-களிலும் 90-களிலும் நேர்ந்தது. ரப்பரின் விலை வீழ்ச்சியுற்றிருந்தது. 1924-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் பணம் வந்துகொண்டிருந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பூர்த்தியாயிற்று. 1998-இல் இரண்டாவது பாலமும் வந்தது. நிலத்தட்டுப்பாட்டால் நெருக்குண்ட சிங்கப்பூர் ஆட்டக்காரனுக்கு, ஒரு மணி நேரப் பயணத்தில் ஆயிரம் ஏக்கர் ஒரே பட்டாவில் கிடைக்கும் பிரதேசம் ஜொகூர்தான். சிறு சிறு உடைமைகளாகச் சிதறிய நிலத்தை ஒன்றுசேர்ப்பது துர்லபம்; தோட்டமோ சாலையும் நீர்நிலையும் மின்சாரமும் உடன்கொண்டு, ஒரே கையெழுத்தில் கைமாறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டமாக விளங்கிய மவுண்ட் ஆஸ்டின், இன்று அதே பெயரில் வீடமைப்புப் பகுதியாகவும் ஒரு கோல்ஃப் திடலாகவும் இருக்கிறது. செனாய் விமான நிலையத்தை அடுத்து 54 குழிகளோடு ஒரு பெருந்திடல் எழுந்தது. கூலாய்க்கு அப்பால் செடெனாக்கில் ஜாக் நிக்லஸ் வரைந்த திடல் அமைந்தது. ரயில் பாதையை ஒட்டித் தோட்டங்கள் நின்றது போலவே, நெடுஞ்சாலையை ஒட்டித் திடல்கள் நிற்கின்றன. இரண்டின் கீழும் கிடப்பது அதே சிதைந்த பாறை மண்.

தோட்டம் கைமாறும்போது லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை விட்டுவிட்டு மண்ணைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. மலேசியத் தமிழர் நெஞ்சில், பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பதைக் குறிக்கும் தோட்டத் துண்டாடல் என்ற சொற்றொடர் 1950-களிலிருந்தே கனத்துக் கிடக்கிறது. அந்த ஆபத்திலிருந்து தொழிலாளரைக் காக்கவே, அவர்கள் சிறுசிறு பங்குகளாகத் தங்கள் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களைத் தாங்களே வாங்கும்படியாக, வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அம்முயற்சி அளவிடற்கரிய நன்மை செய்தது. எனினும் நகரங்களை ஒட்டிய தோட்டங்களின் நிலமதிப்பு ஏறிய வேகத்தைத் தொழிலாளரின் சேமிப்பால் எட்ட முடியவில்லை. பால் வெட்டி வாழ்ந்தவர்களுக்கு அந்நிலத்தில் உரிமை என்று எழுதப்பட்ட ஏடு ஏதும் இல்லை. மரத்தின் ஆயுள் முடிந்ததும் அவர்களுடைய குடியிருப்பின் ஆயுளும் முடிந்தது. இன்றைக்குத் திடலின் புல்லை வெட்டும் மனிதனின் பாட்டனார் அதே மண்ணில் புல்லைப் பிடுங்கியவராக இருந்தால் வியப்பதற்கில்லை.

இனி, அந்த மண் கோல்ஃபுக்கு எவ்விதம் ஒத்துழைத்தது என்று பார்ப்போம். ரெங்கம் மண் காட்டு மரத்தின் அடியிலோ ரப்பரின் அடியிலோ இருக்கும்வரை துளைகள் நிறைந்து நீரைக் கீழே விடும் ஸ்வபாவமுடையது. ஆனால் மண்வாரி இயந்திரங்கள் குன்றை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும்போது, பல தலைமுறைகளாக மிஞ்சியிருந்த மெல்லிய மேல்மண் புதைந்து, அடிக்களி மேலே வருகிறது. சக்கரங்களின் கீழ் அது இறுகிச் செங்கல்லுக்கு ஒப்பாகிறது. பிற்பகல் இடிமழை ஒன்று அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பதை அது குடிக்க மாட்டாது, ஓடவிடும், ஓடும் நீர் செந்நிறக் களியைக் கரைத்து ஓடையில் சேர்க்கும். திடல் கட்டும் ஆண்டுகளில் ஓடைகள் செந்நிறமாக ஓடியதற்குக் காரணம் இதுதான். ரப்பர்க் காலத்துப் புல்லொழிப்பின் பாடம் மறுபடியும் புதிதாகக் கற்கப்பட்டது.

ஆகவே ஸ்காத்லாந்தில் பனியும் கடலும் இலவசமாகச் செய்து கொடுத்ததை இங்கே குழியொன்றுக்கு ஒரு தொட்டியாகக் கட்டிக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வகுத்து வெளியிட்ட முறைப்படி, பந்தை உருட்டிக் குழியில் விழச்செய்யும் அந்த மெல்லிய புல்திட்டுக்கு அடியில், முதலில் வடிகுழாய்களும், அவற்றின்மேல் நான்கு அங்குலம் கூழாங்கல்லும், அதன்மேல் பன்னிரண்டு அங்குலம் பொறுக்கியெடுத்த மணலும் இடப்படுகின்றன. மணலுக்கும் கல்லுக்கும் உள்ள பரிமாண வேற்றுமையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: நுண்ணிய மணலின் துளைகள் நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும், கீழேயுள்ள பருங்கல்லின் இடைவெளிக்குள் அதை எளிதில் விடா, மணல் முழுதும் நிறைந்து பாரம் மிகும்போதுதான் நீர் திடீரென இறங்கி வடிந்துவிடும். இதனால் வெயில் நாளில் வேருக்கு ஈரமும், மழை நாளில் காலுக்கு உலர்ந்த தரையும் கிடைக்கின்றன. பூமத்திய ரேகையின் அருகே செம்மண் மேட்டில் அமைந்த ஒவ்வொரு திடலும், ஆக, கடற்கரை மணல்மேட்டின் பதினெட்டுச் சிறு துண்டுகளைத் தன்மேல் சுமந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் வளர்க்கும் புல்லோ நமக்கு அந்நியமானதன்று. பிள்ளையாருக்குச் சாத்துகின்ற அறுகினை ஆப்பிரிக்காவின் மற்றோர் அறுகு இனத்தோடு சேர்த்து அமெரிக்காவின் டிஃப்டன் நகர ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கிய கலப்பினங்களே வெப்ப நாடுகளின் புல்திட்டுகளில் பெரிதும் பயில்கின்றன. அறுகு வெயிலை நாடுவது. நிழலும் மேகமும் மிகுந்த இடங்களில், அகன்ற இலையுடைய மாட்டுப்புல் தானாகவே வந்து பரந்த வெளிகளைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு பிரயாசைப்பட்டுக் கட்டிய மணல், ஜொகூரின் கிழக்குக் கரையில் தானாகவே கிடந்தது என்பதுதான் இச்சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம். எண்டாவ், மெர்சிங், செடிலி, தேசாரு என்று தெற்கே இறங்கும் அக்கரையில், கடலுக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாக எக்கர் எனப்படும் மணல்மேடுகளும், அவற்றின் இடையே நீர் தேங்கும் தாழ்வுகளும் வரிவரியாக அமைந்துள்ளன. கிளந்தான், திரெங்கானு கரைகளில் அகன்றும் ஜொகூர்க் கரையில் ஒடுங்கியும் இருக்கும் இவ்வகை நிலத்தை மலேசிய மண்ணியலார் பிரிஸ் மண் என்பர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நெருங்கும் மணல், சாரம் அற்பம், சில இடங்களில் வெண்மணலுக்குக் கீழே கறுத்து இறுகிய ஒரு தட்டு. நம் சோழமண்டலக் கரையைப் போலவே அங்கும் சவுக்கு நிற்கும், முந்திரி பிழைக்கும், நெல்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த எக்கர்கள் எவ்வாறு தோன்றின? பனியுகத்தின் உச்சத்தில் உலகத்து நீரில் ஒரு பங்கு வடதுருவ நாடுகளின்மேல் பனியாகக் குவிந்திருந்தமையால், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ யாவும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. ஜொகூர் நீரிணை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இந்த நிலப்பகுதியில் அன்று போர்னியோவின் கினபாலு போன்ற மிக உயர்ந்த சிகரங்களில் மட்டுமே பனியாறு இருந்தது. பிறகு வடக்கே பனி உருக, கடல் ஏறிற்று. ஏறி, சுமார் ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை கடந்து நின்றது. அப்பால் மெல்ல இறங்கத் தொடங்கிற்று. பனிப்பாரம் அழுத்தியபோது அதைச் சுற்றி மேலே பிதுங்கியிருந்த கடலடித் தரை, பாரம் நீங்கியபின் தாழ்ந்துகொண்டே போயிற்று. அங்கே உண்டான பள்ளத்தை நிரப்ப உலகத்தின் மையக் கடல்களிலிருந்து நீர் அத்திசை நோக்கி வழிந்தது. இங்கே நிலம் உயரவில்லை, கடல் விலகிற்று. விலகுகையில் ஒவ்வொரு நிலையிலும் ஓர் எக்கரை விட்டுச் சென்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் நிலம் உயர்ந்து மணல்மேட்டை நிறுத்தியதும், தேசாருவில் கடல் தாழ்ந்து எக்கரை நிறுத்தியதும், ஏறக்குறைய ஒரே ஆயிரத்தாண்டுகளில், ஒரே பனியின் உருக்கத்தால் நேர்ந்தவை. பனி தீண்டாத ஜொகூருக்கும் பனி தன் பங்கை அனுப்பிவைத்தது.

தென்கிழக்கு ஜொகூரைக் காட்டிலிருந்து வெளிக்கொணர 1972-இல் கெஜோரா என்னும் வளர்ச்சி வாரியம் அமைந்தபோது, தேசாரு உல்லாசத் தலமாகக் குறிக்கப்பட்டது. அங்கே ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வரைந்த திடல் ஒன்று முன்னரே வந்தது. பின்னர் 17 கிலோமீட்டர்க் கடற்கரையை ஒட்டி எழுந்த தேசாரு கோஸ்ட் திட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் 27 குழிகள் கொண்ட கடலோரத் திடலையும், பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான விஜய் சிங்கோடு சேர்ந்து 18 குழிகள் கொண்ட பள்ளத்தாக்குத் திடலையும் வரைந்தார். விஜய் சிங் உலகப் புகழ் அடையுமுன் போர்னியோவில் கெனிங்காவ் என்ற உள்நாட்டு ஊரின் சங்கத்தில் பயிற்சியாளராக வேலைபார்த்தவர். வெப்ப மண்டலக் களிமண்ணையும் அதன் மழையையும் அவர் காலால் அறிந்தவர். ஒரே உடைமைக்குள், கடலோரத்தில் மணலும் உட்புறத்தில் சிதைந்த பாறை மண்ணுமாக இரண்டு திடல்கள் அருகருகே அமைந்திருப்பது, இக்கட்டுரையின் வாதத்தை நேரில் பார்க்க விரும்புவோர்க்கு ஒரு பாடசாலையாகும்.

ஆயினும் மணல் கிடைத்துவிட்டதென்று எல்லாம் எளிதாகிவிடவில்லை. ஸ்காத்லாந்தின் குளிர்ந்த தூறலுக்கு ஏற்ற மணல் வேறு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வாரி இறைக்கும் மழைக்கு ஆளான மணல் வேறு. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பெய்த மழையில் கோத்தா திங்கி நகரமே மூழ்கிற்று. பிரிஸ் மண்ணில் இட்ட உரம் வேரில் தங்காமல் அடுத்த மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். சிறிது சிறிதாக, அடிக்கடி, மழையின் குறிப்பறிந்து இட வேண்டும். மழையில்லாத வாரங்களில் அதே மணல் சுடுகிறது, நீரைக் கேட்கிறது. எக்கர்களின் இடையே உள்ள தாழ்வுகளைத் தூர்த்துவிட்டால் மேட்டு நீருக்குப் போக்கிடம் இல்லை. அவற்றை நீர்நிலைகளாகவே வைத்து, எக்கரின் முதுகில் மட்டும் ஆட்டத்தை நடத்துவதே அந்நிலத்தை உணர்ந்தவர் செய்யும் காரியம்.

மீதமிருக்கும் பனியும் இப்போது உருகிக்கொண்டிருப்பதால், கடல் இரண்டு கரைகளிலும் திரும்பி வருகிறது. ஸ்காத்லாந்தின் மாண்ட்ரோஸ் நகரத்துப் பழமையான திடல் தன் கடலோரக் குழிகளை உள்நோக்கி நகர்த்த நேர்ந்திருக்கிறது. மலேசியாவின் நீர்ப்பாசன வடிகால் இலாகா 1997-இல் வகுத்த வழிகாட்டு நெறியில், கடற்கரையில் கட்டடம் முதலியவற்றை எழுப்புவோர் விட்டுவிலக வேண்டிய தூரம் மண்ணைக் கொண்டே நிர்ணயிக்கப்பட்டுள்ளது: மேற்கே பொந்தியானைப் போன்ற சேற்றுக் கரைகளுக்கு 400 மீட்டர், கிழக்கே தேசாருவைப் போன்ற மணற்கரைகளுக்கு 60 மீட்டர்.